வெள்ளிப் புத்தருக்கு அவித்த முட்டை

சாப்பிடுங்க தம்பி, சாப்பிடுங்க. முட்டைதான? எனக்காகப் பொட்டலத்த மூட வேண்டாம். என் நெத்தியில திருநீறப் பாத்துட்டுக் கூச்சப்படுதிய, தெரியுது. நான் சைவந்தான். பாளையங்கோட்டையில சைவப் பிள்ளைமார் வீடு, வெள்ளிக்கெழம வெங்காயங்கூட உள்ள வராது. ஆனா அவிச்ச முட்டையப் பத்தி என்ட்ட கேளுங்க, ஒங்கள விட எனக்குக் கூடத் தெரியும். தண்ணி கொதிச்ச பெறகு எவ்வளவு நேரம் கெடக்கணும், சூடு ஆறுமுன்ன தோட எப்படி உரிக்கணும், எந்தக் கடைக்காரன் பழசக் கலந்து தள்ளுவான், அம்புட்டும் அத்துப்படி. தின்னது மட்டும் இல்ல. நெல்லையப்பர் சத்தியமா ஒரு துண்டு நாக்குல பட்டதில்ல.

அப்போ எதுக்கு அவிச்சேன்னு கேக்கணும்லா? புத்தருக்கு. ஆமா தம்பி, புத்தருக்குத்தான். சிரிக்காதிய. கோவில்பட்டி இப்பத்தான் தாண்டியிருக்கு, ஒங்களுக்குத் திருச்சிலதான எறங்கணும், அதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன். கேட்டுட்டு யாரு மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

எம்பேரு காந்திமதிநாதன். மின்வாரியத்துல ஏ.இ.யா இருந்து ரிட்டையர் ஆனவன். ஆபீஸ்ல நான் நடந்து வந்தா லைன்மேன் அத்தன பேரும் எந்திரிச்சு நிப்பான். ரிட்டையர் ஆன மறுநாளு வீட்டுல யாரு எந்திரிக்கா? எம்பொண்டாட்டி பிரமு, "அந்தக் கொடியில கெடக்க வேட்டிய எடுத்து மடிங்க"ங்கா. மனுசனுக்கு ஒரு மரியாத வேணும்லா. அதான் பழம்பொருள் சேகரிக்க ஆரம்பிச்சேன். மொதல்ல பூட்டு. மாங்காப் பூட்டு, பித்தளப் பூட்டு, ரெண்டு சாவி சேத்துப் போட்டாத்தான் தெறக்குற கோயில் பூட்டு, அப்படி ஒரு அலமாரி நெறையச் சேத்தேன்.

எங்க ஊர்ல சேகரிக்கவங்க சேந்து ஒரு வட்டம் வச்சிருக்கோம். மாசத்துக்கு ஒருக்கா ஒரு பள்ளிக்கூடத்து ஹால்ல கூடுவோம். அங்க போன பெறகுதான் எனக்குத் தெரிஞ்சுது, இதுலயும் மேல் கீழ் உண்டுன்னு. வெள்ளி, ஐம்பொன் வச்சிருக்கவனுக்கெல்லாம் முன்னால கை வச்ச மர நாற்காலி. தபால்தல, தீப்பெட்டிப் படம், பூட்டு, இந்தக் கோஷ்டிக்குப் பின்னால பிளாஸ்டிக் நாற்காலி. முன்னால உள்ளவனுக்குப் பீங்கான் கோப்பையில காப்பி வரும். நமக்குப் பேப்பர் கப்பு, அதுவும் ஆறுன பெறகு. செயலாளரு தங்கப்பழம்னு ஒருத்தரு, சுவர்க்கடிகாரம் சேக்கிற ஆளு, மோசமான மனுசன்லாம் இல்ல. ஆனா என்னக் கூப்பிடுததே "வாரும் பூட்டுக்காரரே"ன்னுதான். ஒரு ஏ.இ.யப் பாத்துக் கூப்பிடுத பேரா தம்பி அது?

அப்பதான் முடிவு பண்ணினேன், வெள்ளியில ஒண்ணு வாங்கிறணும்னு. காரைக்குடிக்குப் போனேன். அங்கன ஒரு கடைக்காரன், உள்ள கூட்டிட்டுப் போயி, ஒரு துணிய விலக்கிக் காட்டுனான். ஒரு சாண் ஒசரத்துல வெள்ளிப் புத்தரு. சம்மணம் போட்டு உக்காந்து, வலது கைய முட்டிக்கு மேல தொங்க விட்டு, வெரலால தரையத் தொட்டுக்கிட்டு இருக்காரு. கன்னங்கரேல்னு இருந்துச்சு. ரங்கூன்ல வட்டிக்கட வச்சிருந்த ஒரு செட்டியாரு வீட்டுக்குக் கப்பல்ல வந்ததாம், எரநூறு வருசத்துச் சாமானாம். வெளிநாட்டுக்காரன் பாத்தா கொத்திக்கிட்டுப் போயிருவான், நம்ம மண்ணுலயே இருக்கட்டுமேன்னுதான் ஒங்களுக்குக் காட்டுதேன்னு சொன்னான். நல்ல மனுசன். வெல என்னன்னு கேக்காதிய, பிரமு கேட்டதுக்கே நான் சொல்லல.

வாங்கிட்டு வந்து, புத்தரப் பத்தி ரெண்டு புஸ்தகமும் வாங்கிப் படிச்சேன். ஒரு சேகரிப்பாளருன்னா விசயம் தெரிஞ்சிருக்கணும்லா. ஆசதான் எல்லாத் துன்பத்துக்கும் காரணம்னு சொல்லியிருக்காரு. எவ்வளவு பெரிய வார்த்த பாருங்க. அதப் படிச்சதுக்குப் பெறகுதான் அந்தச் செல மேல எனக்கு அப்படி ஒரு ஆச வந்துச்சு. காலையில எந்திரிச்சதும் மொதல்ல அதத்தான் போயிப் பாப்பேன்.

தங்கப்பழத்துட்ட காட்டுனேன். மனுசன் அசந்துட்டாரு. ஒண்ணே ஒண்ணு சொன்னாரு: இந்தக் கருப்ப மட்டும் தொட்றாதீரும், இதுக்கு வயசே இந்தக் கருப்புதான், இது போச்சுன்னா நேத்து வாங்குன குங்குமச்சிமிழுக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்லன்னு. பங்குனியில வருசாந்தரக் கண்காட்சி, மெட்ராஸ்ல இருந்து சொராப்ஜின்னு பெரிய ஆளு ஒருத்தரு வாராரு, அவரு வாயால சரின்னு சொல்லிட்டா ஒமக்கு முன்வரிசைதான்னாரு. அந்த வார்த்த எனக்குள்ள போயி உக்காந்துக்கிட்டு.

வீட்டுக்கு வந்து பிரமுவக் கூப்பிட்டு, ஏளா, இந்தச் செலையக் கையால தொடக்கூடாது, தொடைக்கக்கூடாது, பக்கத்துல நின்னு தும்மக்கூடக் கூடாதுன்னு தெளிவாச் சொன்னேன். அவ அதையே பாத்துக்கிட்டு நின்னா. பெறகு, "மொகத்தப் பாத்தா நாம சொல்லுததக் கேக்குத மாதிரி இருக்கு. ஏன் இப்படி அழுக்காப் போட்டு வச்சிருக்கிய"ன்னா. நான் அதக் காதுலயே வாங்கல. அங்கதான் தொடங்குச்சு.

ஆடி மாசம். ஒரு சேக்காளி வீட்டுக் கல்யாணத்துக்குத் தென்காசிக்குப் போயிட்டு வெள்ளிக்கெழம சாயங்காலம் திரும்புதேன். பட்டாசல்ல, அதான் முன்கூடத்துல, கால வச்சா, கண்ணு கூசுது. பூச மாடத்துல, முருகனுக்கும் பிள்ளையாருக்கும் நடுவுல, புத்தரு ஜெகஜோதியா உக்காந்திருக்காரு. நெத்தியில சந்தனம், அதுக்கு மேல குங்குமம். இடுப்புல மஞ்சப் பட்டுல ஒரு துண்டு. தலையில, அந்தச் சுருட்டமுடிக் கொண்டையில, ஒரு மல்லிகைப்பூவச் செருகி வச்சிருக்கா. புளியப் போட்டு ஊற வச்சு, திருநீறத் தொட்டு, பழைய பிரஷ்ஷால காது இடுக்கு கண்ணு இடுக்கெல்லாம் தேச்சிருக்கா. அவளுக்கு அதுல என்ன பெரும தெரியுமா? "பாருங்க, இப்பத்தான் மொகமே தெரியுது"ங்கா.

நான் வைதேன். வாய்க்கு வந்தபடி வைதேன். எரநூறு வருசத்த ஒரு உருண்டப் புளியில கழுவி ஊத்திட்டியே கூறுகெட்டவளேன்னேன். அவ பதிலுக்குச் சொன்னது, வீட்டுக்கு வாரவங்க கருத்துப்போன வெள்ளியப் பாத்தா வீட்டுக்காரியத்தான் பேசுவாங்க, ஒங்கள இல்லன்னு. அதுக்குப் பெறகு எங்களுக்குள்ள பேச்சு நின்னு போச்சு. பேச்சுன்னா, சோறு வைக்கவா, போதும், அவ்வளவுதான். அதுக்கு முன்னாலயும் ஏறக்கொறைய அப்படித்தான்னு வைங்க.

தங்கப்பழத்துட்ட ஓடுனேன். அவரு கதவச் சாத்திட்டு மெதுவாச் சொன்னாரு. கருப்பு திரும்ப வரும், அதுக்கு ஒரு வழி இருக்கு, ஒரு டப்பாவுக்குள்ள செலைய வையும், பக்கத்துல அவிச்ச முட்டையச் சூட்டோட ரெண்டா வெட்டி வையும், மூடிய இறுக்கும், மறுநாளு பாரும்னாரு. நான் ஆடிப்போயிட்டேன். ஓய், நான் சைவப் பிள்ளை, எங்க வீட்டுல முட்டையான்னு கேட்டேன். தின்னச் சொல்லலையே, வைக்கத்தான சொல்லுதேன்னாரு. அதுவும் நியாயந்தான.

ஒண்ணு சொல்லிருதேன், இத நீங்க மோசடின்னு நெனச்சிறக் கூடாது. அதோட கருப்பத்தான் அதுக்குத் திருப்பிக் கொடுக்கேன். களவு போன பொருள மீட்டுக் கொடுக்கது எப்படி மோசடி ஆகும்? பறிச்சது அவ. நான் மீட்டேன்.

முட்ட வாங்கப் போனேன் பாருங்க, அது ஒரு கத. எங்க தெருவுல வாங்க முடியுமா? டவுன் பஸ்ஸப் பிடிச்சு மேலப்பாளையம் போனேன். திருநீற அழிச்சிட்டுத்தான் எறங்குனேன். கடைக்காரரு நாட்டு முட்டையா வெள்ளை முட்டையான்னு கேட்டாரு. எனக்கு என்ன தெரியும்? வெள்ளிய எது கருக்கும்னு அவருட்ட கேக்கவா முடியும்? பழசா இருந்தா நல்லதுன்னு சொல்லிட்டேன். அவரு என்ன மேலயும் கீழயும் பாத்தாரு. மொட்டமாடியில பழைய மோட்டார் ரூம்ல ஒரு மின்சாரக் கெட்டில் வச்சு அவிச்சேன். பிஸ்கட் டப்பாவுல புத்தர வச்சு, ரெண்டு பக்கமும் முட்டைய வச்சு மூடிட்டு, ஒண்ணுந்தெரியாதவன் மாதிரி கீழ வந்து தேவாரத்தப் போட்டுக் கேட்டுக்கிட்டு உக்காந்தேன்.

மறுநாளு தெறந்தா, கருகருன்னு இருக்காரு. பழைய புத்தரேதான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. அது முட்ட நாத்தத்துல வந்ததா சந்தோசத்துல வந்ததான்னு தெரியல.

ஆனா அந்த நாத்தம் கீழ எறங்கிட்டு. பிரமு மோப்பம் பிடிச்சு மாடிக்குப் போயிருக்கா, முட்டத் தோடப் பாத்துட்டா. அவ என்ன நெனச்சா தெரியுமா? நான் திருட்டுத்தனமா முட்ட திங்கேன்னு. எங்க அண்ணனுக்குப் போன் போட்டுட்டா. அண்ணன் காரு பிடிச்சு வந்து, நம்ம அப்பா படத்துக்கு முன்னால என்ன உக்கார வச்சு, ஏண்டா காந்தி, இந்த வயசுல ஒனக்கு இது தேவையான்னு கேக்காரு. நான் என்ன சொல்லுவேன்? உண்மையச் சொன்னா தெருவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரிஞ்சா வட்டத்துக்குத் தெரியும், முன்வரிச போச்சு. ஆமாண்ணே, டாக்டர் சத்துக்குத் திங்கச் சொன்னாருன்னு ஒத்துக்கிட்டேன். அன்னையில இருந்து சொந்தக்காரங்க மத்தியில நான் முட்டப் பிள்ளை. ஒரு கலைப்பொருளுக்காக நான் எம்பேரையே இழந்தவன் தம்பி. ஆனா அதப் பத்தி நான் பெருசா எடுத்துக்கிடல.

பெறகு ஒருநாளு அவ பிஸ்கட் டப்பாவையும் தெறந்துட்டா. சாமிய முட்டையோட சேத்து அடச்சு வச்சிருக்கதக் கண்ணால பாத்துட்டா. நான் முட்ட தின்னாக்கூடப் பொறுத்திருப்பா போல, இத அவளால தாங்க முடியல. புத்தரத் தூக்கிட்டுப் போயி, மஞ்சத்தண்ணி விட்டுக் குளிப்பாட்டி, புளி, திருநீறு, பழையபடி பளபளன்னு ஆக்கி மாடத்துல ஏத்திட்டா.

நான் அலமாரியில வச்சுப் பூட்டுனேன். என்ட்ட இல்லாத பூட்டா? ஆனா தம்பி, இந்தப் பழம்பொருள் பூட்டுல ஒரு கொற இருக்கு. எதுவும் பூட்டாது. கொண்ட ஊசிய விட்டு ஆட்டுனா வாயப் பொளந்துரும். எல்லாப் பூட்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். கடையில போயிப் புதுப் பூட்டு வாங்கலாம்தான். ஒரு பூட்டுச் சேகரிப்பாளரு புதுப் பூட்டு வாங்குனாருன்னா வெளிய தல காட்ட முடியுமா?

ஆடியில இருந்து பங்குனி வரைக்கும் இதே சோலிதான். நான் கருக்குவேன், அவ வெளுப்பா. வெள்ளிக்கெழமைக்கு முன்னால அவ எடுத்துருவா, ரெண்டு நாளு கழிச்சு நான் திருப்பி எடுத்துருவேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நானும் அவளும் சேந்து ஒரு காரியத்த இவ்வளவு அக்கறையாச் செஞ்சதே கெடையாது. நல்ல வெள்ளி மெத்துனு இருக்கும் பாத்துக்கிடுங்க. தேய்க்கத் தேய்க்கக் கரையும். மூக்கு மழுங்கிப் போச்சு. கண்ணு இமை கோடா இருந்தது வெறும் நெழலாப் போச்சு. உள்ளங்கை ரேகையெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.

இதுல இன்னொரு கொடும. காலங்காத்தால, அஞ்சரை மணி இருக்கும், குளிச்சுட்டு ஈரத் துண்டோட வந்து மாடத்துக்கு முன்னால உக்காந்துருவா. உக்காந்து அதுட்ட பேசுவா. சாமி கும்பிடுதது இல்ல, பேச்சு. மக பெங்களூர்ல இருந்து போன் பண்ணி என்ன சொன்னா, முட்டி எப்படி வலிக்கி, நான் என்ன வைதேன், எல்லாம். சின்ன வயசுல வயலின் கத்துக்கணும்னு அழுதாளாம், அவிய அப்பா வேண்டாம்னுட்டாராம். எனக்கே அது தெரியாது. நான் கட்டில்ல படுத்துக்கிட்டு இதெல்லாம் கேக்கணும். பேசும்போது பெருவெரல அதோட இடது முட்டுல வச்சுத் தடவிக்கிட்டே இருப்பா, பக்கத்துல உக்காந்திருக்க ஆளத் தொட்டுப் பேசுத மாதிரி. கட்டுன புருசன் அடுத்த ரூம்ல கல்லாட்டம் கெடக்கேன், என்ட்ட சொல்ல மாட்டா. ஒரு உலோகத்துட்ட போயிச் சொல்லுவா. பொம்பளைங்க கணக்கே நமக்கு விளங்காது தம்பி.

பங்குனி வந்துட்டு. கண்காட்சிக்கு முந்தின வாரம் கடைசியா ஒரு தடவ முட்ட வச்சுக் கருக்கி, தங்கப்பழம் வீட்டுலயே கொண்டு வச்சுட்டேன். மூக்கில்லாத புத்தரக் கொண்டு போயி என்னன்னு காட்ட? பிரமுவும் வாரேன்னா. பட்டுச்சேல உடுத்திக்கிட்டு வா, ஆனா வாயத் தெறக்கக்கூடாதுன்னு கண்டிச்சுத்தான் கூட்டிட்டுப் போனேன். அவ கேட்டதெல்லாம் ஒண்ணுதான், அந்தப் புத்தரு மொகம் தெரியுத எடத்துல உக்காரணும்னு. பின்வரிசையில, தபால்தலக்காரங்க பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கெடச்சுது.

சொராப்ஜி வந்தாரு. பார்சிக்காரரு, மெட்ராஸ்லயே பொறந்து வளந்தவரு, தமிழ் நல்லாவே பேசுதாரு. வயசான மனுசன், ஒல்லியா, குரலே எழும்பாது. ஒவ்வொரு மேசையா வந்து என் மேசையில நின்னாரு. பூதக்கண்ணாடிய எடுக்கவே இல்ல. பாத்துக்கிட்டே நிக்காரு. எனக்கு வேட்டி நனையாத கொறதான். அப்புறம் சொன்னாரு, உருவம் ஒண்ணும் பெரிய அபூர்வம் இல்ல, இதுமாதிரி நெறையப் பாத்தாச்சு, எந்தக் காலத்துச் சாமான்னு கூட அடிச்சுச் சொல்ல முடியாதுன்னு. செத்தேன்னு நெனச்சேன்.

அடுத்தாப்புலதான் அந்த இடது முட்டியக் கவனிச்சாரு. அங்க மட்டும் கருப்பு ஒட்டவே மாட்டேங்குது, நான் எத்தன தடவ வச்சும். லேசாக் குழிஞ்சு போயி இருக்கு. அவரு தன்னோட பெருவெரல அதுல வச்சாரு. வச்சுக்கிட்டு எல்லாருக்கும் கேக்குத மாதிரி சொன்னாரு:

"இது ஒரு கட்டைவிரல் இருந்த இடம். கும்பிடறவங்க பாதத்தைத் தொடுவாங்க, முட்டியைத் தொட மாட்டாங்க. இது பக்கத்துல உக்காந்து பேசின கை. ரொம்ப காலம் பேசியிருக்கு. சின்ன விரல், ஒரு பொம்பளையோட விரல். கடையில எவனும் இதைச் செய்ய முடியாது."

கருப்பும் வெளுப்பும் அடுக்கடுக்கா இடுக்குல படிஞ்சிருக்கதக் காட்டி, ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு தலைமொறைன்னாரு. எனக்கு எந்த அடுக்கு எந்த வாரத்து முட்டன்னு தெரியும், நானும் தலையாட்டுனேன். அப்புறம் மெதுவா, "அந்தம்மாவை நான் பாத்திருக்கணும்"னாரு. பாத்தா அவரு கண்ணு கலங்கியிருக்கு தம்பி, ஒரு முட்டுக்காக.

என்னப் பாத்துக் கேட்டாரு, யாரு அந்தம்மான்னு ஏதாவது தகவல் உண்டான்னு. நான் தற்செயலா பின்வரிசையப் பாத்தேன். பிரமு பாதி எந்திரிச்சு நிக்கா. சேல முந்தானைய இழுத்துச் சரி பண்ணிக்கிட்டு, மேடைக்குக் கூப்பிட்டா எந்திரிப்போம்லா, அப்படி நிக்கா. நான் சட்டுனு சொல்லிட்டேன், பர்மாவுல ஒரு பிக்குணி, மடத்துலயே வாழ்ந்து மடத்துலயே செத்தவ, பேரு தெரியலன்னு. எப்படி அந்த நேரத்துல வந்துச்சுன்னு எனக்கே தெரியல. கை தட்டுனாங்க பாருங்க, ஹாலே அதிருது. மறுபடி பாத்தா பிரமு உக்காந்திருந்தா.

சொராப்ஜி செலையக் கேட்டாரு. அவரு சேகரிப்புல சேருததுன்னா லேசா? நான் வெல பேசல, அவரு கொடுத்தத வாங்கிக்கிட்டேன். அடுத்த கூட்டத்துல எனக்கு முன்வரிச, கை வச்ச நாற்காலி. பீங்கான் கோப்பையில ஆவி பறக்கக் காப்பி. தங்கப்பழம் "வாங்க காந்திமதிநாதன் சார்"னாரு. அந்தச் சார்ல இருந்த ருசி காப்பியில இல்ல.

பிரமு சண்ட போடுவான்னு எதிர்பாத்தேன். போடல. ஆட்டோவுல வரும்போது மட்டும் சொன்னா, அவருட்டயே இருக்கட்டும், அவருக்குத் தெரியுதுன்னு. என்ன தெரியுதுன்னு கேட்டேன். ஆட்டோக்காரனுக்கு வழி சொல்ல ஆரம்பிச்சுட்டா. பரவாயில்லயே, பெருந்தன்மையா விட்டுக்கொடுத்துட்டாளேன்னு அன்னைக்கி ஒரு மொழம் பூ வாங்கிக் கொடுத்தேன். வாங்கி முருகனுக்குப் போட்டுட்டா.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. போன மாசம் தபால்ல ஒரு புஸ்தகம் வந்துச்சு. சொராப்ஜி தன்னோட சேகரிப்பெல்லாம் படம் எடுத்துப் போட்டிருக்காரு. வழவழன்னு காகிதம். ஒரு பக்கம் முழுக்க நம்ம புத்தரு, எதுத்த பக்கம் ஆறேழு வரி இங்கிலீஷ். கீழ எம்பேரு, பாளையங்கோட்டைன்னு ஊரோட. நான் அதத் தெருவெல்லாம் காட்டிட்டு வந்து மேசையில வச்சேன். பிரமு கைய ஈரமில்லாமத் தொடச்சிட்டு வந்து படத்தப் பாத்தா. என்ன எழுதியிருக்கு, வாசிச்சுச் சொல்லுங்கன்னா. அவளுக்கு இங்கிலீஷ் வராது. நான் தமிழ்ல சொன்னேன்: "இதன் சிறப்பு, பெயர் தெரியாத ஒரு பெண்ணின் கை."

இன்னொருக்க வாசிங்கன்னா. வாசிச்சேன். படத்துல அந்த இடது முட்டியப் பாத்தா. பெறகு கேட்டா:

"பேரு தெரியாதுன்னா போட்டிருக்கு?"

ஆமான்னேன்.

"ஒங்களுக்குத் தெரியும்லா?"

நான் சிரிச்சு மழுப்பப் பாத்தேன். அவ சிரிக்கல. அவ சொன்னது இதுதான்: செலையத் திருப்பிக் கேக்கல, ஒங்க நாற்காலியயும் கேக்கல, நேர்ல போயி அந்த மனுசன்ட்ட எம்பேரச் சொல்லிட்டு வாங்க, பிரமநாயகின்னு முழுசாச் சொல்லுங்கன்னா. அதச் சொல்லிட்டு வார வரைக்கும் ஒங்ககூட எனக்குப் பேச ஒண்ணுமில்லன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

பேசாட்டா என்ன, எத்தனையோ தடவ பேசாம இருந்திருக்கான்னு நானும் விட்டேன். ஆனா இது வேற மாதிரி இருக்கு தம்பி. சோறு நேரத்துக்கு வருது, வேட்டி மடிச்சு வருது. சத்தம்தான் இல்ல. முன்னால எங்கூடப் பேசாட்டாலும் அந்தப் புத்தருட்டயாவது பேசிக்கிட்டுக் கெடப்பா, சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கும். இப்ப அஞ்சரைக்கு எனக்கு முழிப்புத் தட்டிருது. எதுக்குன்னு தெரியல. காதத் தீட்டிக்கிட்டுப் படுத்திருக்கேன், ஒண்ணுங் கேக்கல. வீடே செத்த வீடு மாதிரி இருக்கு. என்னால தாங்க முடியல, அதான் உண்ம. அதான் இப்ப மெட்ராஸுக்குப் போறேன், சொராப்ஜியப் பாக்க.

என்னன்னு சொல்லப் போறேன்னுதான கேக்கிய? நானும் ஒரு மாசமா இதே யோசனதான். உள்ளதச் சொன்னா என்ன ஆகும்? அந்த முட்டுக்கு எரநூறு வருசம் போயி எட்டு மாசம் ஆயிரும். புஸ்தகம் பொய்யாயிரும், அந்தப் பெரிய மனுசன் மானம் போகும். கண்ணு கலங்குன மனுசன், அவருக்குப் போயி அந்தப் பாவத்தச் செய்ய எனக்கு மனசு வருமா? என் நாற்காலியப் பத்தி நான் கவலப்படல. அவருக்காகத்தான் பாக்கேன். இந்தப் பக்கம் பிரமு. அவளுக்குப் பேரச் சொல்லியாகணும்.

விருதுநகர்ல வண்டி நின்னுச்சுல்லா, அப்பதான் பளிச்சுனு தோணுச்சு. எதுக்கு ரெண்டுல ஒண்ணு? ஐயா, நான் விடாம விசாரிச்சதுல அந்தம்மா பேரு கெடச்சிட்டு, அந்தப் பிக்குணி பேரு பிரமநாயகின்னு சொல்லிற வேண்டியதுதான். பர்மாக்காரிக்குத் தமிழ்ப் பேரான்னு அவரு கேட்டா, ரங்கூன்ல அந்தக் காலத்துல நம்மாளுக கொஞ்சமாவா இருந்தாங்க? செட்டியாரு வீட்டுக் கணக்கப்பிள்ளை மக, கலியாணம் வேண்டாம்னு மடத்துல சேந்துட்டான்னு சொன்னா நம்புவாரு. நம்பத் தயாரா இருக்க மனுசன்.

அடுத்த பதிப்புல பேரப் போட்டுருவாரு. அச்சுல, வழவழக் காகிதத்துல, பிரமநாயகின்னு. அவ கேட்டது அம்புட்டுத்தான? முழுப்பேரு, ஒரு எழுத்துக் கொறையாம. எனக்கு நாற்காலி, அவருக்குப் புத்தரு, அவளுக்குப் பேரு. யாருக்கும் ஒரு நட்டமும் இல்ல. எப்படி இருக்கு நம்ம யோசன?

என்ன தம்பி? திருச்சிக்கு இன்னும் நேரம் இருக்கே, அதுக்குள்ள எதுக்குப் பைய எடுக்கிய?

பேருக்குப் பக்கத்துல, செத்து நூறு வருசத்துக்கு மேல ஆச்சுன்னு போடுவாங்க, அது ஒண்ணுதான் இருக்கு. போட்டா போட்டுட்டுப் போறாங்க. அவளா வாசிக்கப் போறா? நான்தான வாசிச்சுச் சொல்லணும்.